பல் போன நாய்க்கு யார் சோறு போட்டது?

இந்த எபிசோட் வழக்கமான வரலாற்றுக் கதையா ஆரம்பிக்காது. எங்க வீட்டு நாய்கிட்டருந்து ஆரம்பிக்குது.

அவ பேரு மிளகு. நாட்டு நாய். குட்டியா தெருவுலருந்து தூக்கிட்டு வந்தப்போ கருப்பா, உருண்டையா இருந்தா. அம்மா வெச்ச பேரு. ரெண்டு வயசு ஆனப்போ ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தெருமுனையில ஒரு கார் அவ மேல ஏறிடுச்சு. எக்ஸ்ரேல முதுகெலும்பு உடைஞ்சது தெரிஞ்சுது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனா பின்னங்கால் ரெண்டும் போச்சு. சிறுநீரும் தானா போகாது. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை நாமதான் வயித்தை அழுத்தி எடுத்துவிடணும். டாக்டர் ரெண்டு வழியையும் பொறுமையா சொல்லிட்டு, "யோசிச்சு சொல்லுங்க"ன்னு வெளியே போயிட்டாரு.

அந்த அறையில அப்பா ஒண்ணு சொன்னாரு. "ஏம்பா, அந்தக் காலத்துல நாய்க்குக் கால் போச்சுன்னா அதோட முடிஞ்சுது. வீல்சேர், டயப்பர் எல்லாம் உங்க ஐடி சம்பளத்துல வந்த பழக்கம். அதைப் போட்டு இம்சை பண்ணாதீங்க."

எனக்குக் கோவம் வந்தது. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, அப்பா சொன்னதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, இம்சை பண்ணாதேங்கறது. அது நியாயமான கேள்வி, கடைசியில அதுக்கு வர்றேன். இன்னொண்ணு, 'அந்தக் காலத்துல இதெல்லாம் கிடையாது'ங்கறது. அது வரலாறு பத்தின ஒரு கூற்று. சரியா தப்பான்னு தேடிப் பார்க்கலாம். ராத்திரி மூணு மணிக்கு நாய் பக்கத்துல உட்கார்ந்து முழிச்சுக்கிட்டு இருக்கறவனுக்கு வேற என்ன வேலை? தேடினேன். அதான் இந்த எபிசோட்.

ஒரு வாட்ஸ்அப் கதையும் ஒரு எச்சரிக்கையும்

முதல்ல ஒரு கதையை ஓரமா வெச்சுடலாம். உங்க எல்லாருக்கும் இது ஃபார்வர்டா வந்திருக்கும். மானுடவியலாளர் மார்கரெட் மீட்கிட்ட ஒரு மாணவர், 'நாகரிகத்தோட முதல் அடையாளம் எது?'ன்னு கேட்டாராம். பானையோ தூண்டில் முள்ளோ சொல்லுவாங்கன்னு பார்த்தா, 'உடைஞ்சு ஒட்டின தொடை எலும்பு'ன்னாங்களாம். காட்டுல கால் உடைஞ்ச மிருகம் செத்துடும், எலும்பு ஒட்டியிருக்குன்னா யாரோ கூட இருந்து பார்த்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

அழகான கதைதான். ஆனா மீட் எழுதின எதுலயும் இது இருக்கறதா தேடினவங்களுக்குக் கிடைக்கலை. 1980ல, அதாவது மீட் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு, பால் பிராண்ட்ங்கிற டாக்டரும் பிலிப் யான்ஸியும் சேர்ந்து எழுதின ஒரு புத்தகத்துலதான் இது வருது. மீட் பேசினதை நேர்ல கேட்டதா பிராண்ட் அதுல சொல்றாரு. இந்த பால் பிராண்டை ஞாபகத்துல வெச்சுக்கங்க. அவர் நம்ம ஊர்க்காரர். திரும்பி வருவாரு.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. காட்டு மிருகங்களுக்கு உடைஞ்ச எலும்பு ஒட்டவே ஒட்டாதுங்கறது உண்மை இல்லை. மரத்துக்கு மரம் தாவுற கிப்பன் குரங்குகளோட எலும்புக்கூடுகளை ஆராய்ஞ்சப்போ, உடைஞ்சு தானா ஒட்டின எலும்புகள் நிறையவே இருந்துச்சு. அதனால ஒட்டின எலும்பை மட்டும் வெச்சு 'அன்பு இருந்தது'ன்னு தீர்ப்பு எழுத முடியாது. யாராவது உதவி பண்ணாம இந்த உயிர் இவ்வளவு நாள் இருந்திருக்க முடியுமா, முடியாதான்னு கேட்கணும். முடியாதுன்னு உறுதியா சொல்ல முடிஞ்சா மட்டும்தான் அது ஆதாரம்.

நம்ம மொழியில சொன்னா, ரிசல்ட் மட்டும் பத்தாது. லாக் வேணும்.

பல்லுல எழுதின லாக்

ஆச்சரியம் என்னன்னா, 14,000 வருஷத்துக்கு முந்தின ஒரு லாக் நமக்குக் கிடைச்சிருக்கு.

1914. ஜெர்மனியில பான் நகரத்துக்குப் பக்கத்துல ஓபர்காசல்னு ஒரு இடம். அங்க பசால்ட் கல் உடைக்கிற குவாரியில வேலை பார்த்தவங்க ஒரு பழைய புதைகுழியைப் பார்த்தாங்க. உள்ளே ஒரு நடுத்தர வயசு ஆண், இருபதுகள்ல ஒரு பெண், மேலே செங்காவி நிறப் பொடி. கூடவே ஒரு மிருகத்தோட எலும்புகள். ஓநாய்னு நினைச்சு எடுத்து வெச்சுட்டாங்க. பல வருஷம் அது மியூசியத்துல சும்மா கிடந்துச்சு. 1970கள்ல மறுபடி எடுத்துப் பார்த்தப்போதான் அது நாய்னு தெரிஞ்சுது. மனுஷனோட சேர்த்துப் புதைக்கப்பட்ட நாய்கள்ல நமக்குத் தெரிஞ்சு ரொம்பப் பழசு இதுதான்.

2018ல லுக் யான்சென்ஸ்னு ஒரு ஆய்வாளர், அவர் ஒரு கால்நடை மருத்துவரும் கூட, தன் குழுவோட சேர்ந்து அதோட பல்லை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வெளியிட்டார். பல் எனாமல் உருவாகிற நாள்ல உடம்புக்குக் கடுமையா ஏதாவது ஆனா, எனாமல் சரியா படியாது. அந்த இடத்துல ஒரு கோடு விழுந்துடும். எலும்பு மாதிரி பிற்பாடு அது தன்னைத் திருத்திக்காது. எழுதினா எழுதினதுதான். எந்த உயரத்துல கோடு இருக்குன்னு பார்த்தா, எத்தனையாவது வாரத்துல உடம்பு சரியில்லாம போச்சுன்னு சொல்லிடலாம்.

இந்த நாய் செத்தப்போ வயசு ஏறக்குறைய 28 வாரம். ஏழு மாசம்கூட முழுசா ஆகலை. குட்டி. 19வது வாரத்துலருந்து 23வது வாரத்துக்குள்ள மூணு தடவை கடுமையா நோய் வந்து போன தடயம் பல்லுல இருக்கு. அது டிஸ்டெம்பரா இருக்கணும்னு அவங்க கணிக்கிறாங்க. நாய் வளர்க்கிறவங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். காய்ச்சல், வாந்தி, பேதி, சாப்பாட்டைத் தொடாது, தண்ணி குடிக்காது, அப்புறம் வலிப்பு. கவனிக்க ஆள் இல்லைன்னா இந்த வயசுக் குட்டி மூணு வாரத்தைத் தாண்டறதே கஷ்டம். இது அதுக்கப்புறமும் பல வாரம் உயிரோட இருந்திருக்கு.

அப்போ யாரோ ஒருத்தர் அதைக் குளிர்ல விடாம மூடி வெச்சிருக்கணும். வாந்தியையும் பேதியையும் துடைச்சிருக்கணும். வாயில தண்ணி விட்டிருக்கணும். அவங்க வேட்டையாடிப் பிழைச்ச ஜனங்க. அந்தக் குட்டி வேட்டைக்கு வராது, காவல் காக்காது, நல்லா வளர்ந்தா உதவும்னு சொல்லவும் நம்பிக்கை இல்லை. அதனால அந்தக் காலத்துல அதுகிட்டருந்து ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பிரயோஜனம் இல்லாததைப் பார்த்துக்கிட்டாங்கன்னா, அதுக்கு நாம என்ன பேர் வைக்கிறது?

இதைப் படிச்ச அன்னைக்கு நான் மிளகுக்கு ஊசியில்லாத சிரிஞ்சுல தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன். அவ பாதியைத் துப்பிட்டா. ஓபர்காசல் குட்டியும் துப்பியிருக்கும்.

கல் யாருக்கு நட்டோம்?

ஒரு நிமிஷம் நம்ம பக்கம் திரும்பிக்கலாம். நாய்க்குக் கல்லு நட்டவங்க நாம. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. 7ஆம் நூற்றாண்டு. வீரனோட உருவத்துக்குப் பக்கத்துலயே அவனோட நாயும் செதுக்கப்பட்டிருக்கு. நாயோட பேரும் கல்லுல இருக்கு: கோவிவன். தலைவன் செத்த பிறகும் ரெண்டு கள்ளர்களைக் கடிச்சு நின்ன நாய்னு அந்தக் கல்வெட்டு சொல்லுது.

பெருமையான விஷயம். எனக்கும் பெருமைதான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. கல்லு நட்டது சண்டை போட்ட நாய்க்கு. கடிச்சதால பேரு நின்னுச்சு. வரலாறு எழுதறவங்க எப்பவும் இதைத்தான் பண்றாங்க: உபயோகமா இருந்தவங்களை எழுதுவாங்க. திண்ணையில படுத்துக்கிட்டு, கண்ணு தெரியாம, யாரோ வெச்ச கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு இருந்த நாய்க்கு யாரும் கல்லு நடலை. நடாததால அப்படி நாயே இல்லைன்னு ஆயிடுமா? அப்பா சொன்ன 'அந்தக் காலத்துல கிடையாது'ங்கறது இங்கதான் தடுமாறுது. எழுதி வைக்கலைங்கறதுக்கும் நடக்கலைங்கறதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியை எலும்புதான் நிரப்பணும்.

மிளகு போன ஊர்

எலும்பு நிறைய கிடைச்ச ஒரு ஊருக்குப் போவோம். பெரெனிகே. எகிப்தோட செங்கடல் கரையில ரோமானியர் காலத்துத் துறைமுகம். நமக்கு ரொம்ப வேண்டிய ஊரு. அங்க தமிழ் பிராமி எழுத்து இருக்கற பானை ஓடு கிடைச்சிருக்கு. இந்தியாவுல செஞ்ச ஒரு பெரிய ஜாடியில ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்துச்சு. ஆமாம், மிளகு. எங்க வீட்டு மிளகைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு.

அந்த ஊருக்கு வெளியே 2011லருந்து மிருகங்களோட புதைகுழிகள் கிடைக்க ஆரம்பிச்சுது. மார்த்தா ஓசிப்பின்ஸ்காங்கிற போலந்து நாட்டு தொல்விலங்கியலாளர் அதை ஆராய்ஞ்சாங்க. 2021ல வெளியான கணக்குப்படி மொத்தம் 585 உயிர்கள். 536 பூனை, 32 நாய், 15 குரங்கு, ஒரு நரி, ஒரு வல்லூறு. எல்லாம் கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டு. மம்மியாக்கலை, பலி கொடுத்த தடயமும் இல்லை. தூங்கற மாதிரி படுக்க வெச்சு, சிலதைத் துணியால சுத்தி, சிலது மேல பானை ஓட்டை மூடி, தனித்தனியா புதைச்சிருக்காங்க. சில பூனைகளுக்குக் கழுத்துல இரும்புப் பட்டையோ மணியோ இருந்துச்சு.

ஆரம்பத்துல இதைக் குப்பைமேடுன்னு சந்தேகப்பட்டவங்களும் உண்டு. சந்தேகப்பட வேண்டியதுதான். இங்கதான் நாம முன்னாடி வெச்ச அளவுகோல் உதவுது. உதவி இல்லாம இதுங்க வாழ்ந்திருக்க முடியுமா?

அங்க கிடைச்ச நாய்கள்ல பலது கிழடு. பல்லு முக்கால்வாசி போயிருக்கு, ஈறு கெட்டிருக்கு, மூட்டு தேஞ்சிருக்கு. சரியா நடக்கவே முடியாத நிலைமையில இருந்த விலங்குகளும் இருந்திருக்குன்னு ஓசிப்பின்ஸ்கா சொல்றாங்க. இதுங்களுக்கு யாரோ சாப்பாடு கொடுத்தே ஆகணும். பல்லு இல்லாததுக்கு மெல்ல வேண்டாத சாப்பாடா கொடுத்திருக்கணும். ஒரு பெரிய நாய்க்கு எலும்புப் புற்றுநோய். அதோட வயித்துல கடைசி சாப்பாடு இருந்துச்சு: மீனும் ஆட்டுக்கறியும். அதைப் பனையோலைப் பாயில சுத்தி, ஒரு ஜாடியோட ரெண்டு பாதியை மேலே கவிழ்த்து வெச்சிருந்தாங்க.

இப்போ இதோட விலையை யோசிச்சுப் பாருங்க. பெரெனிகே பாலைவனத்தோட விளிம்பு. நைல் நதிக்கரையிலருந்து ஒட்டகத்துல வர்றதுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். தானியத்துலருந்து எல்லாமே அப்படித்தான் வந்தாகணும். அந்த ஊர்ல வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நாய்க்கு ஆட்டுக்கறி போட்டவர் பணக்காரரா, மாலுமியா, அடிமையா, தெரியாது. 'இதுக்கு எதுக்குய்யா கறி?'ன்னு கேட்டவங்க அங்கயும் இருந்திருப்பாங்க.

அதே இடத்துல இன்னொரு விஷயமும் கிடைச்சுது. அந்தக் குரங்குகள்ல சிலது இந்தியாவுலருந்து கப்பல்ல போனது. செல்லமா வளர்த்திருக்காங்க, மரியாதையா புதைச்சிருக்காங்க. ஆனா சின்ன வயசுலயே செத்திருக்கு. குரங்குக்கு வேண்டிய பழமும் கீரையும் அந்தப் பாலைவனத்துல எங்க கிடைக்கும்? பாசம் இருந்துச்சு, பராமரிப்பு பத்தலை. ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறதை அந்த எலும்பு சொல்லுது. வீடியோ பார்த்துட்டு ஊனமான நாயைத் தத்தெடுக்கணும்னு நினைக்கிற யாருக்கும் நான் முதல்ல இந்தக் குரங்கைத்தான் சொல்லுவேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தா

இந்தியாவுல எழுத்து ஆதாரமே இருக்கு. அசோகரோட ரெண்டாவது பெரும்பாறைக் கல்வெட்டு, கி.மு. 3ஆம் நூற்றாண்டு. மனுஷங்களுக்கும் விலங்குகளுக்கும் ரெண்டு வகையா மருத்துவ ஏற்பாடு செஞ்சிருக்கேன், மூலிகை இல்லாத இடத்துல கொண்டுவந்து நடச் சொல்லியிருக்கேன்னு அதுல சொல்றாரு. எந்தெந்த நாட்டுலன்னு ஒரு பட்டியலும் இருக்கு. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி அதாவது இலங்கை வரைக்கும். ராஜா சொன்னது எவ்வளவு நடந்துச்சுங்கறது வேற கேள்வி. ஆனா விலங்குக்கு வைத்தியம்ங்கிற யோசனை ஐடி கம்பெனிக்கு முன்னாடியே வந்துடுச்சுங்கறது உறுதி.

அதைவிட எனக்குப் பிடிச்சது 1623ல நடந்தது. பியெத்ரோ தெல்லா வல்லேன்னு ஒரு இத்தாலியப் பயணி குஜராத்ல கம்பாத் துறைமுகத்துக்கு வர்றார். அங்க பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரியைப் பார்க்கிறார். அடிபட்டது, நொண்டுறது எல்லாம் அங்க இருக்கு. ஒரு மூலையில தாய் இல்லாத சுண்டெலிக் குஞ்சுகளைப் பஞ்சுப் பெட்டியில வெச்சுக்கிட்டு, வெள்ளைத் தாடிக்காரத் தாத்தா ஒருத்தர், மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு, பறவை இறகால பாலைத் தொட்டுத் தொட்டு ஊட்டிக்கிட்டு இருக்கார். வளர்ந்ததும் விட்டுடுவேன்னு சொல்றார். ஊசியில்லாத சிரிஞ்சுக்கு முன்னாடி இறகுதான் சிரிஞ்சு.

மாடுகளுக்கான இன்னொரு இடத்தையும் பார்க்கிறார். நோய்ப்பட்டது, கால் போனது. அங்க ஒரு மனுஷனும் இருந்தார். திருடினதுக்காக ரெண்டு கையும் வெட்டப்பட்ட ஒரு முஸ்லிம். இனி பிழைக்க வழியில்லைன்னு, அந்த இடத்தை நடத்தினவங்க அவரையும் உள்ளே சேர்த்து ஒரு குறையும் இல்லாம பார்த்துக்கிட்டாங்களாம். இந்த வரியை நான் பலமுறை யோசிச்சிருக்கேன். ஒரு பக்கம், மனுஷனைக் கொண்டுபோய் மாட்டோட விட்டாங்களேன்னு தோணுது. இன்னொரு பக்கம், வெளியே இருந்த சட்டம் வெட்டிப் போட்ட ஒருத்தருக்கு இடம் கொடுத்தது அந்தக் கதவு மட்டும்தானே.

இந்த வழக்கம்தான் பிஞ்சராபோல். 1832ல பம்பாயில தெருநாய்களைக் கொல்ல ஆரம்பிச்சப்போ பார்சிகள் தெருவுல இறங்கினாங்க, பெரிய கலவரமே ஆச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 1834ல ஜம்சேத்ஜி ஜீஜீபாய், மோதிசந்த் அமிசந்த் ரெண்டு பேரும் முன்னின்று அங்க பிஞ்சராபோல் தொடங்கினாங்க. நம்ம அயனாவரத்துலயும் நூறு வருஷத்துக்கு மேல ஒண்ணு நடக்குது. எங்க வீட்டுலருந்து பக்கம். இத்தனை வருஷம் அந்த மதிலை ஒட்டி பைக்குல போயிருக்கேன், உள்ளே என்னன்னு கேட்டதே இல்லை.

வேலூர்ப் பூனைகள்

இப்போ பால் பிராண்டுக்கு வருவோம். 1914ல கொல்லிமலையில பிறந்தவர். ஓபர்காசல் குழியைக் கண்டுபிடிச்ச அதே வருஷம், அது சும்மா ஒரு தற்செயல். பெற்றோர் மிஷனரிங்க. 1946ல வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணரா வந்தார். தொழுநோயால மடங்கிப்போன கைகளைத் தசைநாணை மாத்தி வெச்சு மறுபடி வேலை செய்ய வெச்சவர்.

அவரோட பெரிய புரிதல் இது: தொழுநோயாளிங்களோட விரல் நோயால அழுகி விழலை. வலி தெரியாததால போகுது. சூடான பாத்திரத்தைத் தொடுவாங்க, தெரியாது. ஆணி குத்தும், தெரியாம நடப்பாங்க. ஒரு கட்டத்துல, ராத்திரி படுத்தவங்களுக்குக் காலையில விரல்ல சதை காணாம போச்சு. என்னன்னு கண்விழிச்சுப் பார்த்தா, எலி. தூங்கறப்போ எலி கடிச்சிருக்கு, வலி இல்லாததால முழிப்பு வரலை. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்து என்ன தெரியுமா? பூனை. சிகிச்சை முடிஞ்சு ஊருக்குப் போறவங்க கையில ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினாங்க.

இதைப் படிச்சுட்டு ஓடிப்போய் மிளகோட பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பாதத்துல ரெண்டு ரூபா நாணயம் அளவுக்குப் புண். தரையில இழுத்து இழுத்துத் தோலே போயிருக்கு. அவ வாலாட்டிக்கிட்டு இருந்தா. வலிக்கலைன்னா அவளுக்கு அது காயமே இல்லை. அந்த வலியை அவளுக்குப் பதிலா நான்தான் உணரணும். தினமும் ராத்திரி டார்ச் அடிச்சு நாலு காலையும், இடுப்பு எலும்பையும் பார்க்கறது அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது. முதுகெலும்பு அடிபட்ட நாயோ பூனையோ உங்க வீட்டுல இருந்தா, இந்த எபிசோட்ல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. வழவழ டைல்ஸ்ல ஒரு பாய் போடுங்க. ஈரத்துல படுக்க விடாதீங்க. சிறுநீர் நிறம் மாறினாலோ நாத்தம் அடிச்சாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

ரெண்டு சக்கரம்

வண்டிக்கு வருவோம். 1960கள்லயே லிங்கன் பார்க்ஸ்னு ஒரு அமெரிக்கக் கால்நடை மருத்துவர், நடக்க முடியாத நாய்களுக்குச் சக்கர வண்டி செய்ய ஆரம்பிச்சார். 1989ல எட் கிரின்னல்னு ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர், தன்னோட டாபர்மேனுக்குப் பின்னங்கால் போனப்போ தானே ஒண்ணு செஞ்சார். பின்னாடி அதுவே அவரோட தொழில் ஆச்சு. இன்ஜினியர்னதும் எனக்கும் வீரம் வந்துடுச்சு. பி.வி.சி. பைப், ரெண்டு பொம்மை சைக்கிள் சக்கரம், பழைய பை வார். முதல் வண்டி படுதோல்வி. அச்சு ரொம்பப் பின்னாடி போனதால பாரம் மொத்தமும் முன்னங்கால் மேல விழுந்துடுச்சு, நாலடி நடந்துட்டு உட்கார்ந்துட்டா. சக்கரத்தை இடுப்புக்கு நேர் கீழே கொண்டுவந்தேன். ரெண்டாவதுல வார் தொடையை உரசிச்சு. மூணாவது வண்டியில மொட்டைமாடியில ஒரு காக்காவைத் துரத்தினா. வளைவுல கவிழ்ந்தா, நிமிர்த்தி விட்டேன், மறுபடி துரத்தினா.

இம்சையா?

அப்பாவோட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன்னு சொன்னேன்ல. இது அவளுக்கு இம்சையா?

2004ல அலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒரு அளவுகோல் கொடுத்தாங்க. ஏழு கேள்வி. வலி கட்டுக்குள்ள இருக்கா? சாப்பிடுதா? தண்ணி போதுமா போகுதா? சுத்தமா வெச்சுக்க முடியுதா? சந்தோஷமா இருக்கா? நடமாட்டம் எப்படி? கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க். மொத்தம் 70ல 35க்கு மேல வந்தா தொடர்ந்து பார்த்துக்கறது நியாயம்னு வெச்சுக்கலாம்.

ஏழுல ஒண்ணுதான் நடமாட்டம்ங்கறதைக் கவனிச்சீங்களா? அந்த அறையில நாங்க எல்லாரும் அந்த ஒண்ணை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம். ஆனா இந்த அளவுகோல் ரெண்டு பக்கமும் வெட்டும். நடக்கற நாயாவே இருந்தாலும், வலியை நிறுத்த முடியலை, சாப்பாடு இறங்கலைன்னா, போக விடறதும் பராமரிப்புதான். அப்படி முடிவெடுத்தவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, உங்களைக் குத்தம் சொல்ல இந்த எபிசோட் இல்லை. நேரமும் பணமும் இல்லாம முடியலைன்னு சொன்னவங்களையும்தான். எங்க வீட்டுல நாலு பேர் இருக்கோம், நான் வீட்டுலருந்தே வேலை பார்க்கிறேன். அது எல்லாருக்கும் அமையாது.

நாங்க மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டி மார்க் போடறோம். நாலு பேரும் தனித்தனியா. போன மாசம் அம்மா 54, தங்கச்சி 58, நான் 52. அப்பா 41. எப்பவும் அவர்தான் கம்மியா போடுவார். ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். இப்போ அந்த ஒரு கண்ணு வேணும்னு தோணுது. நாங்க மூணு பேரும் ஆசையில மார்க்கை ஏத்திப் போடலாம். அவர் போட மாட்டார்.

இந்தக் கதை எல்லாத்தையும் அப்பாகிட்ட சொன்னேன். ஓபர்காசல், பெரெனிகே, கம்பாத் தாத்தா. முழுசா கேட்டுட்டு, "சரி, அந்தக் காலத்துலயும் இருந்திருக்கு. ஆனா எல்லா வீட்டுலயும் இருந்திருக்காதுல்ல?"ன்னார். உண்மைதான். 14,000 வருஷத்துக்கு முன்னாடியும் எல்லாரும் பண்ணியிருக்க மாட்டாங்க. சிலர் பண்ணினாங்க. பக்கத்துக் குடிசைக்காரங்க சிரிச்சிருப்பாங்க.

காலையில அஞ்சு மணி ஷிப்ட் அப்பாவோடது. அவருக்கு எப்படியும் அந்நேரம் முழிப்பு வந்துடும். பழைய துண்டை விரிச்சு, மிளகை மடியில சாய்ச்சு, வயித்தைப் பிடிச்சு அழுத்துவார். எனக்குப் பத்து நிமிஷம் ஆகும், அவருக்கு மூணு நிமிஷம். அப்புறம் ரேடியோ போட்டுடுவார். அன்னைக்கு நான் சொன்னது தப்பில்லன்னு இன்னமும் சொல்லுவார். நானும் தப்பில்லன்னுதான் சொல்றேன்.

இந்த எபிசோடை எடிட் பண்ணும்போது பின்னாடி ஒரு கரகர சத்தம் கேட்கும், மைக் பிரச்சினை இல்லை. மூணாவது வண்டியோட இடது சக்கரத்துக்கு எண்ணெய் போடணும். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருந்தா, பேரும் கதையும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல வாசிக்கிறேன். அதுவரைக்கும், ராத்திரி அந்தக் காலைத் திருப்பிப் பார்க்க மறக்காதீங்க.